பனியன் கம்பெனிகளிலும் சாயப்பட்டறைகளிலும் உடல்நலக் கேடுகள், முதலுதவி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூர் வட்டாரத்தின் நிட்டிங், கட்டிங், பவர்டேபிள் எனப்படும் தையல், அயர்னிங், சாயப்பட்டறை, நூற்பாலை ஆகிய இடங்களில் வேலை செய்பவர்களுக்கும் அவர்களை மேற்பார்வையிடுபவர்களுக்கும் உரிய கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. முதலுதவி என்பது மருத்துவ உதவி வந்து சேரும் வரை செய்ய வேண்டியது மட்டுமே. சிகிச்சையின் இடத்தை அது எடுத்துக்கொள்ளாது. உயிருக்கு ஆபத்து என்றால் 108-ஐயும், தீ, நச்சுவாயு, தொட்டிக்குள் சிக்கியவர் என்றால் கூடவே 101-ஐயும் அழைக்க வேண்டும்.

எந்தப் பிரிவில் எந்த ஆபத்தை முதலில் கவனிக்க வேண்டும்?

கட்டிங்கில் கத்தி, தையலில் ஊசி, அயர்னிங்கில் நீராவி, சாயப்பட்டறையில் காஸ்டிக் சோடா என்ற காரமும் வெளுக்கும் பெராக்சைடும், கழிவுநீர்த் தொட்டியில் வாயு, நூற்பாலையில் பஞ்சுத் தூசி என்று பட்டியலிடுவது எளிது. ஆனால் எண்ணிக்கையில் அதிகமான காயங்களும் உயிரைப் பறிக்கும் விபத்துகளும் ஒரே இடத்தில் நேர்வதில்லை. ஊசி குத்துவது தையல் பிரிவில் அன்றாட நிகழ்ச்சி. தொட்டிக்குள் இறங்குவது எப்போதோ ஒருமுறை நடப்பது. அந்த ஒருமுறையில்தான் இரண்டு மூன்று பேர் சேர்ந்து உயிரிழக்கிறார்கள் என்பதால், பயிற்சிக்கு ஒதுக்கும் நேரத்தை அடிக்கடி நடக்கும் காயங்களுக்கு மட்டும் செலவிடுவது தவறான கணக்கு.

கட்டிங் மெஷினில் விரல் துண்டாகிவிட்டால் முதலில் செய்ய வேண்டியது என்ன?

முதலில் மெஷினை நிறுத்த வேண்டும்; அடுத்து ரத்தத்தை நிறுத்த வேண்டும்; துண்டான விரலைத் தேடுவது மூன்றாவது வேலை. காயத்தின் மேல் சுத்தமான துணியை வைத்து, உள்ளங்கையால் பலமாக அழுத்திக்கொண்டு, கையை இதய மட்டத்துக்கு மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். துணி நனைந்தால் அதை எடுத்துப் பார்க்காமல் அதன் மேலேயே இன்னொரு துணியை வைத்து அழுத்த வேண்டும், ஏனெனில் ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் உறையத் தொடங்கிய ரத்தம் கலைந்துவிடுகிறது. குறைந்தது 10 நிமிடம் விடாமல் அழுத்தினால் விரல் காயத்தின் ரத்தப்போக்கு பெரும்பாலும் கட்டுக்குள் வந்துவிடும். கை, முன்கை அளவில் வெட்டு ஏற்பட்டு, அழுத்தியும் ரத்தம் பீறிட்டால் மட்டும், காயத்துக்கு நான்கு விரற்கடை மேலே அகலமான துணியால் இறுகக் கட்டி, கட்டிய நேரத்தை எழுதி வைக்க வேண்டும். கயிறு, கம்பி, நாடா போன்ற மெல்லிய பொருள்கள் தசையையும் நரம்பையும் அறுத்துவிடும் என்பதால் அவற்றைப் பயன்படுத்தக் கூடாது.

துண்டான விரலைச் சுத்தமான, லேசாக ஈரப்படுத்திய துணியில் சுற்றி, தண்ணீர் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டி கலந்த தண்ணீருக்குள் வைக்க வேண்டும். விரலை நேரடியாகப் பனிக்கட்டியில் போடுவதும் தண்ணீரிலோ டெட்டாலிலோ ஊறவைப்பதும் திசுவைக் கெடுத்துவிடும். விரலில் தசை இல்லாததால் அது தாக்குப்பிடிக்கும். முறையாகக் குளிரில் வைத்தால் 12 மணி நேரத்துக்கு மேலும் இணைப்பதற்கு வாய்ப்பு இருக்கிறது. மணிக்கட்டுக்கு மேலே துண்டானால் தசை இருப்பதால் ஏறத்தாழ 6 மணி நேரமே அவகாசம். ஆகவே அருகிலுள்ள கிளினிக்கில் தையல் போட்டுவிட்டு மறுநாள் பார்க்கலாம் என்று முடிவெடுக்காமல், நுண் அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிட்டு நேரே புறப்பட வேண்டும். கை அறுவைச் சிகிச்சையில் பெயர் பெற்ற மையங்கள் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் கோயம்புத்தூரிலேயே இருக்கின்றன.

துணியைப் பிடிக்கும் கையில் இரும்பு வலைக் கையுறை அணிந்தால் இந்த விபத்துகளில் பெரும்பாலானவை நடக்காது. அது கம்பெனியில் இல்லாமல் இல்லை. ஆடிட் நாளில் எல்லார் கையிலும் இருக்கிறது, மற்ற நாள்களில் அலமாரியில் இருக்கிறது. வேகம் குறைகிறது என்று கட்டிங் மாஸ்டர்கள் சொல்வதில் ஓரளவு உண்மையும் உண்டு; கையின் அளவுக்குப் பொருந்தாத கையுறையை வாங்கிக் கொடுத்தால் வேகம் குறையத்தான் செய்யும்.

தையல் ஊசி விரலில் ஏறி முறிந்துவிட்டால் அதைப் பிடுங்கிவிடலாமா?

ஊசி வெளியே நன்றாகத் தெரிந்து, முறியாமல், தோலின் மேற்பரப்பில் மட்டும் குத்தியிருந்தால் கையால் சக்கரத்தைத் திருப்பி ஊசியை மேலே எடுத்துவிடலாம். மோட்டாரை ஓட்டி எடுக்கக் கூடாது. நகத்தின் வழியாக எலும்பு வரை இறங்கியிருந்தாலும், முறிந்து உள்ளே தங்கியிருந்தாலும், இன்னொரு ஊசியால் தோண்டி எடுக்கும் வழக்கத்தை விட்டுவிட்டு, விரலை அசையாமல் துணியில் சுற்றி எக்ஸ்ரே எடுக்க அனுப்ப வேண்டும்.

ஏற்றுமதிக் கம்பெனிகளில் முறிந்த ஊசிக்கென்று ஒரு பதிவேடு உண்டு. எல்லாத் துண்டுகளும் கிடைத்து ஒட்டப்பட்டால்தான் புது ஊசி கிடைக்கும். அயல்நாட்டில் அந்த உடுப்பை அணியும் குழந்தைக்கு ஊசித் துண்டு குத்திவிடக் கூடாது என்பது அதன் நோக்கம். ஒரு துண்டு கிடைக்காதபோது துணிக்கட்டை முழுவதும் புரட்டிப் பார்ப்பவர்கள், அது தைத்தவரின் விரலுக்குள் இருக்கக்கூடும் என்பதையும் நினைத்துப் பார்க்கலாம். விரல் குத்துப்பட்ட நாளில் பதிவேட்டில் ஒரு துண்டு குறைந்தால், வலி அடங்கிவிட்டாலும் எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். டெட்டனஸ் தடுப்பூசி கடைசியாக எப்போது போடப்பட்டது என்றும் கேட்க வேண்டும். அழுக்குப் படிந்த காயம் என்றால் 5 ஆண்டுகளுக்குள் போட்டிருக்க வேண்டும், சுத்தமான சிறு காயம் என்றால் 10 ஆண்டு.

காயத்தில் காப்பித்தூள், மஞ்சள்தூள், மெஷின் ஆயில் வைப்பது தவறா?

தவறு. ரத்தத்தை நிறுத்துவது அழுத்தம்தான். தூள் போட்டவர்கள் அதன் மேலே துணியை வைத்து இறுக்கியதால் நின்ற ரத்தத்தைத் தூள் நிறுத்தியதாக எண்ணிக்கொள்கிறார்கள். அந்தத் தூளை மருத்துவர் ஒவ்வொரு துகளாகச் சுரண்டி எடுக்க வேண்டியிருப்பதும், அது கிருமியை உள்ளே கொண்டுசெல்வதும்தான் மிச்சம். ஓடும் தண்ணீரும் சோப்பும் சிறு காயத்துக்குப் போதும்.

நீராவி, பாய்லர் குழாய், அயர்ன் பாக்ஸ் ஆகியவற்றால் சுட்டுவிட்டால்?

உடனே குழாய்த் தண்ணீருக்கு அடியில் 20 நிமிடம் பிடிக்க வேண்டும். இரண்டு நிமிடத்தில் எரிச்சல் குறைந்தவுடன் கையை எடுத்துவிடுவதுதான் பரவலான தவறு. தோலின் மேற்பரப்பு குளிர்ந்த பிறகும் அடித்திசுவில் தங்கியிருக்கும் சூடு தொடர்ந்து வேகவைத்துக்கொண்டே இருக்கும். வீக்கம் தொடங்கும் முன்பே மோதிரம், வளையல், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும். தோலோடு ஒட்டிக்கொண்ட பனியன் துணியைப் பிய்க்காமல் அதைச் சுற்றி வெட்டிவிடலாம். பனிக்கட்டி, பற்பசை, பேனா மை, இட்லி மாவு, முட்டை வெள்ளைக்கரு எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்கவும் கூடாது. குளிரவைத்த பிறகு சுத்தமான பிளாஸ்டிக் தாளால் தளர்வாக மூடி அனுப்பலாம். கம்பெனியில் உடுப்புகளைப் பொதியும் பயன்படுத்தாத பாலிதீன் பையே இதற்குப் போதும். முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் பட்ட தீக்காயமும், உள்ளங்கை அளவைவிடப் பெரிய தீக்காயமும், மூடிய இடத்தில் புகையைச் சுவாசித்ததும் மருத்துவமனைக்கு உரியவை.

காஸ்டிக் சோடாவோ பெராக்சைடோ உடலில் தெறித்துவிட்டால்?

காஸ்டிக்கின் ஆபத்து, முதலில் அது பெரிதாக வலிக்காமல் இருப்பதில் இருக்கிறது. தோலில் உள்ள கொழுப்பைச் சோப்பாக மாற்றுவதால் கை வழவழப்பாகத்தான் தோன்றும். வலி உணரப்படும்போது அது ஆழமாக இறங்கிவிட்டிருக்கும். செதிலாகவோ தூளாகவோ பட்டிருந்தால், கையுறை அணிந்த கையால் முதலில் உலர்வாகத் தட்டிவிட்டு, அடுத்து நிறையத் தண்ணீரால் குறைந்தது 30 நிமிடம் கழுவ வேண்டும். நனைந்த உடையைக் கழற்றாமல் மேலே தண்ணீர் ஊற்றினால் உடைக்கு அடியில் காஸ்டிக் தங்கிவிடும். கூச்சம் பார்க்கும் இடம் இதுவன்று. ஆனால் பெண்கள் வேலை செய்யும் பிரிவில் ஒரு திரையும் மாற்றுடையும் முன்கூட்டியே வைத்திருந்தால் அந்தத் தயக்கமே எழாது. காரத்தை முறிக்கிறேன் என்று அசிட்டிக் அமிலத்தை ஊற்றினால், வினையில் எழும் சூடு இன்னொரு தீக்காயத்தை உண்டாக்கும்.

கண்ணில் பட்டிருந்தால் ஒரு நொடியைக்கூட வீணாக்கக் கூடாது, ஏனெனில் காரம் கருவிழியைக் கடந்து மிக விரைவாக உள்ளே சென்றுவிடும். இமைகளை விரலால் விரித்துப் பிடித்து, பாதிக்கப்பட்ட கண் கீழ்ப்பக்கம் இருக்குமாறு தலையைச் சாய்த்து, மென்மையாக ஓடும் தண்ணீரால் 30 நிமிடம் கழுவ வேண்டும். ஆம்புலன்ஸில் ஏறிய பிறகும் தண்ணீர் பாட்டிலால் அதைத் தொடரலாம். கண் கழுவும் குழாய் இருந்தும் அதன் முன்னால் சாய டிரம்களை அடுக்கி வைத்திருக்கும் பட்டறைகள் ஏராளம். காஸ்டிக் கையாளும் இடத்திலிருந்து கண்ணை மூடிக்கொண்டு 10 நொடிக்குள் நடந்து சேரக்கூடியதாக அந்தக் குழாய் இருக்க வேண்டும். ஒருமுறை கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்து பார்த்தாலே தெரிந்துவிடும்.

வெளுப்பதற்குப் பயன்படும் 50 சதவீதப் பெராக்சைடு பட்டால் தோல் வெள்ளையாகி எரியும். தண்ணீரால் கழுவுவதே இதற்கும் வழி. பெராக்சைடு நனைந்த துணி உலரும்போது தீப்பிடிக்கக்கூடும் என்பதால் அதைத் தண்ணீரில் முக்கி வைக்க வேண்டும்.

ஹைட்ரோஸ் டிரம் புகையத் தொடங்கினால் தண்ணீர் ஊற்றலாமா?

ஒரு வாளித் தண்ணீர் அதை மோசமாக்கும். ஹைட்ரோஸ் எனப்படும் சோடியம் ஹைட்ரோசல்பைட்டு ஈரம் பட்டால் தானாகவே சூடேறி, மூச்சை அடைக்கும் கந்தக டை ஆக்சைடு வாயுவை வெளியிடும். எல்லாரையும் காற்று வீசிவரும் திசைக்கு வெளியேற்றிவிட்டு 101-ஐ அழைக்க வேண்டும். நனைந்த குவளையால் டிரம்மிலிருந்து அள்ளாமலும், மூடியைத் திறந்தபடி விடாமலும் இருந்தாலே இது பெரும்பாலும் நேராது.

கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கியவர் மயங்கி விழுந்துவிட்டார். உடன் இருப்பவர் என்ன செய்ய வேண்டும்?

இறங்கக் கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு வாக்கியத்தைத்தான் சுவரில் எழுதி வைக்க இடம் இருக்கிறது என்றால், எழுத வேண்டியது இதுதான்.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதற்குப் பிறகு, சொட்டுக் கழிவும் வெளியேறாத சுத்திகரிப்பு முறை கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தது. நொய்யலுக்கு அது தேவையான தீர்ப்பே. ஆனால் முன்பு ஆற்றுக்குப் போனது இப்போது தொட்டிகளில் தேங்குகிறது. தொட்டிகளை யாராவது ஒருவர் சுத்தம் செய்ய வேண்டியிருக்கிறது. சாயம் ஏற்றுவதற்குப் பயன்படும் கிளாபர் உப்பு ஒரு சல்பேட்டு. காற்றுப் படாத சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாக மாற்றுகின்றன. அந்த வாயு காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும், சேற்றைக் கிளறும்போது கொத்தாக வெளிவரும். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். பத்து லட்சத்தில் 100 பங்கைத் தொட்டதும் மூக்கின் மோப்பத் திறனையே மழுங்கடித்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது, வாயு போய்விட்டது என்று நம்பி இறங்குபவர் உண்மையில் மிக ஆபத்தான அளவுக்குள் இறங்குகிறார். அளவு இன்னும் பல மடங்கு கூடினால் சில மூச்சுகளிலேயே நினைவு தப்பும்.

மேலே இருப்பவர் இதையெல்லாம் நினைத்துப் பார்க்கும் நிலையில் இருக்க மாட்டார். விழுந்தவர் அவருடைய தம்பியாகவோ ஊர்க்காரராகவோ இருப்பார். அதனால்தான் ஒருவரைத் தொடர்ந்து இன்னொருவர் இறங்கி இறக்கிறார்கள். முகத்தில் கட்டிய ஈரத்துண்டும் துணி மாஸ்க்கும் வாயுவைத் தடுக்காது. செய்யக்கூடியவை: கூச்சலிட்டு ஆள் சேர்ப்பது, 101-க்கும் 108-க்கும் தொட்டிக்குள் ஆள் சிக்கியிருப்பதாகத் தெளிவாகச் சொல்வது, ஊதுவிசிறியின் குழாயைத் தொட்டியின் அடிவரை இறக்கி வெளிக்காற்றைச் செலுத்துவது. ஆக்சிஜன் சிலிண்டரைத் தொட்டிக்குள் திறந்துவிடக் கூடாது. அது தீ விபத்துக்கு வழிவகுக்கும். இறங்கியவர் இடுப்புவாரும் கயிறும் கட்டியிருந்தால் மேலிருந்தே இழுத்துவிடலாம். கயிறு ஏன் தேவை என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை. வெளியே எடுத்ததும் மூச்சு இல்லையென்றால் மார்பு அழுத்தத்தைத் தொடங்க வேண்டும். வாயோடு வாய் வைத்து ஊதினால் ஊதுபவருக்கும் வாயு ஏறக்கூடும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும்.

இறங்கும் முன் ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறையாமலும் ஹைட்ரஜன் சல்பைடு பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேற்படாமலும் இருப்பதைக் கருவியால் அளக்க வேண்டும். தீக்குச்சியைக் கொளுத்தி இறக்கிப் பார்ப்பது சோதனை ஆகாது. எரியும் வாயு இருந்தால் அதுவே வெடிப்புக்குக் காரணமாகிவிடும். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 36-ஆம் பிரிவிலேயே மூடிய தொட்டிக்குள் இறங்குவதற்குக் கட்டுப்பாடுகளை விதித்திருந்தது, விதி புதிதன்று.

மின் அதிர்ச்சி ஏற்பட்டு ஒருவர் விழுந்துவிட்டால்?

மெயின் சுவிட்சை அணைக்கும் முன் அவரைத் தொடக் கூடாது. சுவிட்ச் தொலைவில் இருந்தால் உலர்ந்த மரக்கட்டையாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ வயரைத் தள்ளலாம். அதன்பின் தோளைத் தட்டிக் கூப்பிட வேண்டும். பதிலும் இயல்பான மூச்சும் இல்லையென்றால் நெஞ்சின் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, மேலே மறு கையைக் கோத்து, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறிக்கொள்ளலாம். விட்டுவிட்டு வரும் இழுப்பு மூச்சை உயிர்மூச்சு என்று எண்ணி நிறுத்திவிடக் கூடாது. எழுந்து உட்கார்ந்து நன்றாக இருக்கிறேன் என்று சொல்பவருக்கும் இதயத் துடிப்பில் கோளாறு ஏற்பட்டிருக்கலாம் என்பதால் இ.சி.ஜி. எடுப்பது நல்லது.

வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்து கொடுக்கலாமா?

வேண்டாம். இரும்புக்கும் வலிப்புக்கும் தொடர்பு இல்லை. மெஷின்களையும் கத்தரிக்கோல்களையும் அப்புறப்படுத்தி, தலைக்கு அடியில் துணிக்கட்டை வைத்து, வலிப்பு நின்றதும் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். வாயில் எதையும் திணிக்கக் கூடாது. 5 நிமிடத்தைத் தாண்டினால் 108.

ஏப்ரல், மே மாதங்களில் அயர்னிங் பிரிவில் மயங்கி விழுபவர்களுக்கு என்ன செய்வது?

தலைசுற்றலும் அதிக வியர்வையும் இருந்து, பேச்சு தெளிவாக இருந்தால் நிழலில் படுக்கவைத்து, உப்பும் சர்க்கரையும் கலந்த நீரையோ ஓ.ஆர்.எஸ். கரைசலையோ கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுக்கலாம். பேச்சு குழறினாலோ, ஆளை அடையாளம் தெரியாமல் விழித்தாலோ அது வெப்பத் தாக்கு. மருத்துவமனைக்குக் கிளம்பும் முன்பே உடலைக் குளிரவைக்கத் தொடங்கிவிட வேண்டும். உடை முழுவதும் நனையத் தண்ணீர் ஊற்றி விசிறியின் நேரே படுக்கவைப்பதே பட்டறையில் கைக்கு எட்டும் வழி. நினைவு தெளிவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். புதிதாகச் சேர்ந்தவர்களும் நீண்ட விடுப்புக்குப் பின் ஊரிலிருந்து திரும்பியவர்களும்தான் அதிகம் பாதிக்கப்படுகிறார்கள், ஏனெனில் உடல் வெப்பத்துக்குப் பழக ஒன்று இரண்டு வாரம் ஆகும். முதல் வாரத்திலேயே அவர்களை ஒன்றரை ஷிப்ட் நிற்கவைக்காமல் இருக்கலாம்.

பஞ்சுத் தூசியால் வரும் நோயை எப்படி அடையாளம் காண்பது?

வார விடுமுறைக்குப் பின் வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுக்கமும் இருமலும் தோன்றி, வாரத்தின் நடுவில் குறைந்துவிட்டால் அதைச் சளி என்று தள்ளிவிடக் கூடாது. பிசினோசிஸ் எனப்படும் பஞ்சுத் தூசி நோயின் முகம் இதுதான். 1950-களில் லங்காஷயர் பஞ்சாலைத் தொழிலாளர்களை ஆராய்ந்த ரிச்சர்ட் ஷில்லிங் இந்த முதல்நாள் இறுக்கத்தையே நோயின் படிநிலைகளை வகுக்கும் அளவுகோலாகக் கொண்டார். தொடக்கத்தில் தூசியிலிருந்து விலகினால் மீண்டுவிடலாம். பல ஆண்டுகள் தொடர்ந்தால் மூச்சுத்திணறல் நிலைத்துவிடும். பஞ்சைப் பிரிக்கும் புளோரூமிலும் பஞ்சைச் சீவும் கார்டிங்கிலும் ஆபத்து மிகுதி. பனியன் கம்பெனியில் நூலாக வந்துவிட்ட பஞ்சு என்பதால் குறைவு. மருத்துவரிடம் போகும்போது இருமல் என்று மட்டும் சொல்லாமல் எந்தப் பிரிவில் எத்தனை ஆண்டு வேலை செய்கிறார் என்பதையும் சொல்ல வேண்டும். அதைக் கேட்காமலே ஆஸ்துமா மருந்து எழுதிவிடுவது சாதாரணம்.

முதலுதவிப் பெட்டியில் என்ன இருக்க வேண்டும்?

ஒவ்வொரு 150 தொழிலாளருக்கும் ஒரு பெட்டி, 500 பேருக்கு மேல் வேலை செய்தால் தனி முதலுதவி அறை என்பது 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு வகுத்த அளவு. கிருமி நீக்கிய பஞ்சுத்துணி, அகலமான பேண்டேஜ், ஒட்டுநாடா, கையுறை, கத்தரிக்கோல், ஓ.ஆர்.எஸ். பொட்டலம், கண் கழுவும் உப்புநீர் ஆகியவை போதும். மாத்திரைகளை நிரப்பி வைப்பதில் பயன் குறைவு. பெட்டியின் சாவி மேலாளரின் மேசைக்குள் இருந்தால் இரவு ஷிப்டுக்குப் பெட்டி இல்லை என்றே பொருள்.

வீட்டில் விழுந்ததாக மருத்துவமனையில் சொல்லும்படி கம்பெனி சொன்னால்?

சொல்லக் கூடாது. சிகிச்சையும் கெடும், உரிமையும் கெடும். எந்த மெஷின், எந்த ரசாயனம் என்று தெரிந்தால்தான் மருத்துவர் சரியாகப் பார்க்க முடியும். அரசு மருத்துவமனையின் ஏ.ஆர். காப்பியில் (விபத்தில் காயம்பட்டு வருபவர்களைப் பதியும் ஏட்டின் நகல்) முதலில் எழுதப்படும் வரலாற்றைப் பின்னர் மாற்றுவது கடினம். 2017 முதல் மாத ஊதியம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்குள் வருகிறார்கள். வேலையில் ஏற்பட்ட காயத்துக்கு, வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே பயன் உண்டு. தற்காலிகமாக வேலை செய்ய முடியாத காலத்துக்குச் சராசரி ஊதியத்தில் ஏறத்தாழ 90 சதவீதம் கிடைக்கும். சாதாரண நோய் என்று பதிவானால் 70 சதவீதமே, அதுவும் சந்தா செலுத்திய காலத்தைப் பொறுத்து. அந்த ஒரு பொய்யின் விலையைக் கொடுப்பவர் காயம்பட்டவர்தான். கம்பெனியின் விபத்துப் பதிவேட்டில் நாள், நேரம், மெஷின், சாட்சிகளின் பெயர் ஆகியவை எழுதப்பட்டிருப்பதை உறுதிசெய்து, அதன் படத்தைக் கைபேசியில் வைத்துக்கொள்ளலாம்.

தமிழ் தெரியாத தொழிலாளர்களுக்கு இதையெல்லாம் எப்படிக் கற்றுக்கொடுப்பது?

ஒடிசா, பிகார், ஜார்க்கண்ட் போன்ற மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் ஒவ்வொரு ஷிப்டிலும் இருக்கும்போது தமிழில் மட்டும் எழுதிய பலகையால் பயனில்லை. இந்தியில் எழுதினாலும் படிக்காதவர்கள் உண்டு. தொட்டி, மெயின் சுவிட்ச், கண் கழுவும் குழாய் மூன்றையும் நேரில் காட்டி, செய்துகாட்டி, அவர்களையும் செய்யவைப்பதே வழி. 108-க்கு அழைத்தால் கம்பெனியின் முகவரியைத் தமிழில் சொல்லத் தெரிந்த ஒருவர் இரவு ஷிப்டிலும் இருக்க வேண்டும்.

கம்பெனிக்கு வரும் வழியில் நடந்த விபத்து வேலை விபத்தாகுமா?

வீட்டிலிருந்து வேலைக்கு வரும்போதோ வேலை முடிந்து வீடு திரும்பும்போதோ நேர்ந்த விபத்தையும், நேரமும் இடமும் சூழலும் வேலையோடு பொருந்தினால், வேலையில் ஏற்பட்ட காயமாகக் கொள்ளலாம் என்று 2010-இல் இ.எஸ்.ஐ. சட்டத்தில் 51-இ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. வழக்கமான பாதையிலிருந்து சொந்த வேலைக்காக விலகிச் சென்றிருந்தால் சிக்கல் வரும். எனவே ஷிப்ட் தொடங்கிய அல்லது முடிந்த நேரத்தைக் காட்டும் வருகைப் பதிவு, காவல் நிலையத்தில் கொடுத்த புகார், ஏ.ஆர். காப்பி ஆகியவற்றின் நகல்களைச் சேர்த்து வைக்க வேண்டும்.